வண்டிக்குக் காப்பா, உயிருக்குக் காப்பா?

காப்பு என்னும் சொல் தமிழில் பொருள் வளம் மிக்கது. கையில் அணியும் வளையும் காப்பு. இடையூறு நேராவண்ணம் நூலின் தலையில் பாடப்படும் செய்யுளும் காப்பு. பிள்ளைத்தமிழின் முதற்பருவமும் காப்புப் பருவமே. பண்டைத் தமிழ்ச் சிறாரின் கழுத்தில் ஐம்படைத்தாலி பூட்டியதும் காவல் கருதியே. நம் இசுலாமியப் புலவர் பெருமக்கள் இயற்றிய பிள்ளைத்தமிழ் நூல்களும் இம்மரபைக் கைவிடவில்லை. இச்சொல்லுக்கு அண்மைக் காலத்தில் மற்றுமொரு பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கு இருபுறமும் வளைத்துப் பூட்டப்படும் எஃகுக் குழாயே அது. கடைக்காரர் அதனைக் கிராஷ் கார்டு என்பார்; முதிய மெக்கானிக் லெக் கார்டு என்பார்; பம்பர் என்பாரும் உளர். மோதுகாப்பு என்று நாம் தமிழாக்கிப் பார்த்தோம். கடைத்தெருவில் அச்சொல் செல்லாது என்பதை அறிந்தே இக்கட்டுரையில் மட்டும் ஆள்கிறோம்.

நூற்பாவுக்கு உரை காண்போர்க்கு இரும்புக் குழாயில் என்ன வேலை என்று பெரியோர் வினவக்கூடும். தமிழ்த்துறையின் வாயிலில் நின்று நோக்கினால் முதலில் தெரிவது கல்லூரியின் வண்டி நிறுத்துமிடந்தான். அங்கு நிற்கும் வண்டிகளில் பல, வளைகுடாவில் வெயிலில் உழைக்கும் வாப்பாமார் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டவை. புது வண்டி வாங்கிய மாணவர் கேட்கும் வினாக்களுள் ஒன்று, “ஐயா, கிராஷ் கார்டு போடலாமா, வேண்டாமா?” என்பதாகும். இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறுதல் இயலாது. எனினும் விடை உண்டு.

அக்குழாய் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை முதலில் காண்போம். வண்டியின் சட்டத்திலோ, எஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் மரையாணிகளிலோ அது பூட்டப்படுகிறது. வண்டி பக்கவாட்டில் சாயும்போது தரையைத் தொடும் முதற்பொருள் அதுவாக இருத்தல் வேண்டும் என்பதே அமைப்பின் நோக்கம். அங்ஙனம் தொட்டால் வண்டி முற்றிலும் படுத்துவிடாமல் குழாயின் மேல் சாய்ந்து நிற்கும். இதனால் எஞ்சின் உறை உடையாது. பிரேக் மிதி வளையாது. கிளட்ச் பிடி முறியாது. பெட்ரோல் தொட்டி நசுங்காது. இவற்றினும் சிறந்த பயன் ஒன்றுண்டு. ஓட்டுபவரின் கால் வண்டிக்கும் தரைக்கும் இடையே சிக்காமல் இருக்க ஓரிடைவெளி கிடைக்கிறது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டி ஏறக்குறைய 110 கிலோ எடையுள்ளது. புல்லட் வகை வண்டி 190 கிலோவையும் தாண்டும். அவ்வெடை முழுதும் ஒருவர் கணுக்காலின் மேல் விழுந்து, சூடேறிய எஞ்சினும் உடன் சேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை விரிக்க வேண்டியதில்லை.

இவ்வாறு விழுவது எங்கே நிகழ்கிறது? தெருமுனையில் கொட்டிய மணலில். மழை நனைத்த சாணத்தில். வேகத்தடையின் மேல் கால் எட்டாது தடுமாறுகையில். பள்ளிவாசல் வாயிலில் வண்டியைத் திருப்பி நிறுத்த முயல்கையில். இவையெல்லாம் நடக்கும் வேகத்திலோ அதனினும் சற்று மிகுந்தோ நேர்வன. இவ்வகை வீழ்ச்சிக்கு மோதுகாப்பு உறுதியான துணை. கால் தளர்ந்த முதியோரும், குட்டையான உருவினர் ஆயினும் கனத்த வண்டி ஓட்ட நேர்ந்தோரும், புதிதாய்ப் பழகுவோரும் அதனைப் பூட்டிக்கொள்வதில் தவறில்லை என்பதே நமது கருத்து.

ஆனால் மாணவர் நினைப்பது இதனை அன்று. கிராஷ் என்ற சொல் அவர்தம் உள்ளத்தில் எழுப்பும் காட்சி நெடுஞ்சாலையில் நிகழும் பெருமோதல். அங்கு இக்குழாய் என்ன செய்யும்? இதனை ஆராய்ந்தோர் உளர். அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. மோதுகாப்புப் பூட்டிய வண்டிகளில் கணுக்கால், பாதம் ஆகியவற்றின் காயம் குறைந்திருந்தது. ஆயின் தொடை, முழங்கால், கீழ்க்கால் ஆகியவற்றின் காயம் மிகுந்து அந்நன்மையை ஈடுசெய்துவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொண்டது போன்ற கணக்கு இது. ஆதலின் காயத்தைத் தடுக்கும் கருவி என்னும் நிலையில் அது பயனுடையதன்று என்று அவ்வறிக்கை முடிவு கட்டியது.

காரணம் விளங்காததன்று. காரோ லாரியோ பக்கவாட்டில் மோதும்போது குழாய் உட்புறமாக மடங்குகிறது. மடங்கிய குழாய்க்கும் எஞ்சினுக்கும் இடையே கால் அகப்படுகிறது. முன்னோக்கித் தூக்கி எறியப்படும் உடலின் தொடையும் முழங்காலும் அக்குழாயிலேயே மோதுகின்றன. வண்டி சறுக்கிச் செல்லும்போது குழாயின் முனை தரையிலுள்ள பள்ளத்திலோ சாலை நடுக்கல்லிலோ தட்டினால் வண்டி புரண்டெழுந்து பின்னும் கேடு செய்யவும் கூடும். பிரித்தானியாவிலும் 1980களில் அரசின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தார் கால்காப்பு அமைப்புகளை வடிவமைத்துச் சோதித்து, அவற்றைப் பரிந்துரைத்தனர். வண்டி உற்பத்தியாளர் தம் சோதனைகளைக் காட்டி மறுத்தனர். நெடுநாள் வாதிட்டும் அது கட்டாயமாகவில்லை.

இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். ஹர்ட் குழுவினர் ஆய்ந்தவை விபத்து என்று பதிவான நிகழ்ச்சிகள். வீட்டு வாசலில் சாய்ந்து விழுந்து, புழுதியைத் தட்டிவிட்டு எழுந்து செல்லும் நம்மவர் எவரும் எந்த அறிக்கையிலும் இடம்பெறார். ஆகவே அவ்வறிக்கையைக் காட்டி மோதுகாப்பே வீண் என்று கூறுதலும் மிகையே. மெதுவான வீழ்ச்சிக்குத் துணை, விரைவான மோதலுக்குத் துணையன்று என்று இரண்டாகப் பிரித்து உணர்தலே முறை.

இனி, உயிர் போவது எவ்வகை நிகழ்ச்சியில்? மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றோர். தமிழகத்தில் மட்டும் அவ்வாண்டு சாலையில் இறந்தோர் 17,884 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் நாடு முழுதும் 50,029 பேர். அவருள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவரல்லர், பின்னால் அமர்ந்து வந்தவர். இவ்விறுதி எண்ணை மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். பின்னால் அமர்ந்து வந்தோர் யார்? உம்மா, மனைவி, தங்கை, நண்பன். முன்னால் பூட்டிய குழாய் அவர்களில் ஒருவரையும் காத்திராது.

தலைக்கவசத்தின் பயனோ ஐயத்திற்கு அப்பாற்பட்டது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு, தலைக்கவசம் அணிவது இறப்பை நூற்றுக்கு 42 அளவிலும் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவிலும் குறைக்கிறது என்று கண்டது. நம் மாநிலத்தில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2015 ஜூலை முதல் நாளிலிருந்து அதனைக் கட்டாயமாக நடைமுறைப்படுத்தினர். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் அணிய வேண்டும் என்கிறது. இருந்தும் வண்டியின் முன்புறம் எஃகு பளபளக்க, தலைக்கவசம் பெட்ரோல் தொட்டியின் மேல் கவிழ்ந்து பயணம் செய்யும் காட்சியை நாள்தோறும் காண்கிறோம். தொட்டிக்குத் தலை உண்டு போலும்!

நமது வாதத்தின் நடுப்புள்ளி இதுவே. மார்க்கச் சட்டத்தின் நோக்கங்களை விளக்கிய இமாம் கஸ்ஸாலி அவர்கள் காக்கப்பட வேண்டியவை ஐந்து என்று வகுத்தார்கள்: தீன், உயிர், அறிவு, வழித்தோன்றல், செல்வம். வரிசையில் உயிர் இரண்டாவது நிற்கிறது, செல்வம் ஐந்தாவது. மோதுகாப்பு பெரும்பாலும் காப்பது எஞ்சின் உறையையும் தொட்டியின் வண்ணப் பூச்சையும், அதாவது செல்வத்தை. சில வேளைகளில் காலையும் காக்கிறது. செல்வத்தைக் காத்தல் இழிவன்று. அதுவும் ஐந்தனுள் ஒன்று. வாப்பா அனுப்பிய பணத்தில் வாங்கிய பொருளைக் கீறல் படாமல் போற்றுவது நன்றியறிதலும் ஆகும். ஆனால் ஐந்தாவதற்குச் செலவிட்டுவிட்டு இரண்டாவதற்குப் பணம் இல்லை என்பது வரிசையைத் தலைகீழாக்குவது. தலைக்கவசம் இரண்டு வாங்கி, தேய்ந்த டயரையும் பிரேக் கட்டையையும் மாற்றிய பின்னர்ப் பணம் எஞ்சுமாயின் மோதுகாப்பைப் பற்றி எண்ணலாம்.

எல்லாம் விதிப்படி என்று கைவிரிப்போரும் நம்மிடையே உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு வழிகாட்டிய நபிமொழியை அவர்களும் அறிவர். வண்டியில் ஏறும்போது துஆ ஓதுவதும் தலைக்கவசத்தின் வாரை இறுக்குவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இதனை இதற்குமேல் வளர்ப்பது வேண்டாம். வெள்ளிக்கிழமை மேடையில் ஆலிம்கள் சொல்வார்களாயின் நம்மினும் சிறப்பாகவே சொல்வார்கள்.

நெஞ்சை உறுத்தும் செய்தி வேறொன்று உண்டு. வண்டி விற்பனையாகும்போதே பின்சக்கரத்தின் இடப்புறத்தில் ஒரு காப்பு பூட்டப்பட்டு வருகிறது. சாரி கார்டு என்று அதற்குப் பெயர். சேலைக் காப்பு என்று நாம் கூறுவோம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி இதனை வேண்டுகிறது. பின்னால் அமர்பவர்க்குக் கைப்பிடியும் காலடிதாங்கியும் இருத்தல் வேண்டும். அவர்தம் உடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் இருத்தல் வேண்டும் என்பது அவ்விதி. இது வெளிநாட்டு வண்டிகளில் வழக்கமாகக் காணப்படாதது. நம் பெண்டிர் சேலையும் தாவணியும் துப்பட்டாவும் புர்காவும் அணிந்து ஒருபுறமாக அமர்ந்து செல்லும் மரபை எண்ணி நம் நாட்டவர் வகுத்தது.

இளைஞர் சிலர் புது வண்டி வாங்கிய மாதத்திலேயே இக்காப்பைக் கழற்றி எறிகின்றனர். அது வண்டியின் அழகைக் கெடுக்கிறதாம்; படத்தில் கண்ட வண்டி போல இல்லையாம். கழற்றிய கையோடு முன்புறம் கனத்த மோதுகாப்பைப் பூட்டுகின்றனர். பின்னர் ஒரு நாள் உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அதே வண்டியை எடுக்கின்றனர். புர்காவின் கீழ்விளிம்பு அகன்றது, காற்றில் உப்பும். அது ஓடும் சக்கரத்தில் ஒருமுறை சுற்றினால் போதும், அணிந்தவரைப் பின்னோக்கி இழுத்துச் சாலையில் தள்ளிவிடும். மெல்லிய துப்பட்டாவோ கழுத்தையே இறுக்கும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியிலிருந்து தலை பின்னாக விழுபவர், முன்னால் பூட்டிய குழாயினால் அடையும் நன்மை யாது? சிறுவர்களின் பாதம் சக்கரக் கம்பியில் சிக்கிக் குதிகால் பிய்வதும் எலும்பு மருத்துவர்கள் நன்கறிந்த காயமே. அதனையும் தடுப்பது இதே காப்புத்தான்.

ஓட்டுபவன் தன் காலுக்குக் காப்பு வைத்துத் தாயின் காப்பைக் கழற்றுகிறான் என்பதை வேறு சொற்களால் மறைக்க நாம் விரும்பவில்லை. அவன் அவ்வாறு எண்ணிச் செய்வதில்லை என்பதும் உண்மையே. எண்ணாமல் செய்கிறான், அதனாலேயே எண்ணச் சொல்கிறோம். கழற்றிய காப்பு வீட்டுப் பரணில் கிடக்குமாயின் இன்றே எடுத்துப் பூட்டலாம். இல்லையெனில் உதிரிபாகக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பின்னால் அமரும் சகோதரியர் புர்காவின் ஓரத்தையும் துப்பட்டாவின் இரு முனைகளையும் சேர்த்து மடியில் அழுத்திக்கொண்டு, வண்டி புறப்படுமுன் ஒருமுறை கீழே குனிந்து பார்த்துக்கொள்வது நலம். உடையைக் குறை கூறுவோர்க்கு இது வாய்ப்பாகிவிடக் கூடாது. குறை உடையில் இல்லை, கழற்றப்பட்ட காப்பில் உள்ளது.

திருமணத்தின்போது மாப்பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் வழக்கமும் நம் ஊர்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. அது மார்க்கத்திற்கு ஏற்புடையதா என்பது தனிக்கட்டுரைக்குரியது. ஜமாஅத்துப் பெரியவர்கள் அதனை எழுதட்டும். அவ்வண்டி வரும்போது மோதுகாப்பு, இருக்கை உறை, கூடுதல் விளக்கு என்று எல்லாம் பூட்டி மாலையிட்டு வருகிறது. மணமகளுக்கென்று ஒரு தலைக்கவசம் உடன் வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

காப்பு பிறர்க்குக் கேடாகவும் ஆகலாம் என்பது அடுத்த செய்தி. 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம், வண்டிகளின் முன் பூட்டப்படும் மோதுகாப்புகள் நடந்து செல்வோர்க்கும் உள்ளிருப்போர்க்கும் ஆபத்தானவை என்று மாநில அரசுகளுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அவை முரண் என்றும் சுட்டியது. பெரிதும் பேசப்பட்டது கார்களின் முன் நிற்கும் எஃகு வேலி குறித்தே. இருசக்கர வண்டிகளுக்கோ உற்பத்தி நிறுவனங்களே மோதுகாப்பைத் துணைக்கருவியாக விற்று வருகின்றன. ஆயினும் அங்குச் சொல்லப்பட்ட நியாயம் இங்கும் பொருந்தும். நம் ஊர்த் தெருக்கள் குறுகியவை. முடுக்குகளோ அதனினும் குறுகியவை. இருபுறமும் துருத்தி நிற்கும் குழாயின் முனை, பெரியவர்க்குக் கணைக்காலிலும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு மார்பளவிலும் இடிக்கும். மதரஸா விடும் நேரத்தில் அத்தெருவில் வண்டி ஓட்டியவர்க்கு இது புரியும். காப்பு, கைப்பிடியின் அகலத்தைத் தாண்டாமல் எஞ்சினை ஒட்டி அமைந்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

ஸ்கூட்டர்களைச் சுற்றிப் பூட்டப்படும் எஃகுக் கம்பிகளைப் பற்றி ஒரு சொல். அவை கீறலைத் தடுக்கும், வேறொன்றும் செய்யா. விருப்பமுள்ளோர் பூட்டலாம்; பாதுகாப்பு என்று மட்டும் பெயரிட வேண்டா.

பூட்டுவதென்று முடிவு செய்தோர்க்கு நாம் அறிந்ததைக் கூறுவோம். அந்த வண்டிக்கென்றே உற்பத்தி நிறுவனம் தயாரித்ததை வாங்குதல் நன்று. சாலையோரத்தில் மெல்லிய தகட்டுக் குழாயை வளைத்து, ஏதோ ஒரு துளையில் ஆணி முடுக்கித் தருவது காப்பன்று, அணிகலன். எஞ்சினைத் தாங்கும் ஆணியிலேயே அது பூட்டப்படுமாயின் விழும்போது விசை முழுதும் அவ்வாணிக்கும் சட்டத்திற்கும் செல்லும். நன்கு அமையாத காப்பு, உறையைக் காத்துச் சட்டத்தைக் கோணலாக்கிவிடும். உறைக்காகும் செலவைப் போலச் சட்டத்திற்காகும் செலவு பன்மடங்கு. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது குழாய் தரையைத் தொடாத உயரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பூட்டிய பின் அதில் பால்கேனையும் தண்ணீர்க்குடத்தையும் மாட்டுவதும், நெடுஞ்சாலையில் இரு கால்களையும் அதன்மேல் நீட்டி வைத்துக்கொண்டு பிரேக் மிதியை மறப்பதும் கூடா. பூட்டிய குழாயை நம்பி வேகம் கூட்டுவோரும் உளர். மெதுவாகச் செல்வோர்க்கு மட்டுமே பயன்படும் பொருளை நம்பி விரைந்து செல்வது விந்தையே.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்கும் நிலையில் உள்ளோர் வேறொன்றையும் எண்ணலாம். 2018 ஏப்ரல் முதல் புதிய வடிவங்களுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏனையவற்றுக்கும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு கட்டாயமாயிற்று. விழுந்தபின் காக்கும் குழாயைக் காட்டிலும் விழாமல் காக்கும் பிரேக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சாலச் சிறந்தது.

ஒருமுறை விழுந்து எழுந்த வண்டியின் மோதுகாப்பு வளைந்திருந்தால் அதனைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மீண்டும் பூட்டும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. வளைந்த இடத்தில் எஃகு வலுவிழந்திருக்கும். அடுத்த முறை அங்கேயே முறியும், முறிந்த முனை காலை நோக்கியே நீளும். வளைந்ததை எடைக்குப் போட்டுவிட்டு, அது பூட்டியிருந்த ஆணிகளையும் அவை நின்ற சட்டத்தையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே வண்டியை மீண்டும் தெருவுக்கு எடுக்க வேண்டும்.